முகம் பார்த்து வைத்த புளிப்பு

அண்ணியின் சமையல்கூடத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு இருந்தது. உப்புக்குத் தராசு. சர்க்கரைக்குக் கைப்பிடி உடைந்த குவளை. கொதிக்கும் நேரத்துக்குச் சுவரில் மாட்டிய கடிகாரம். புளிப்புக்கு மட்டும் அண்ணன்.

அண்ணன் என்றால் அண்ணியின் கணவர். இரண்டு பேரும் எனக்கு ரத்த உறவு கிடையாது. அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் முன்னறையில் நான் லேபிள் அச்சடிக்கும் கடை வைத்திருந்தேன். முற்றத்தைத் தாண்டினால் அவர்களுடைய தக்காளி சாஸ் கூடம், அதற்கு மேலே வீடு. பாட்டிலுக்குள் இருப்பது அவர்கள் பாடு, பாட்டிலுக்கு வெளியே ஒட்டியிருப்பது என் பாடு. யாருடைய வேலை கஷ்டம் என்று கேட்டால் என்னுடையதுதான் என்று சொல்லுவேன். கேட்டவர்கள் அண்ணியின் கையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். சாஸ் கெட்டியாகும் நேரத்தில் அண்டாவிலிருந்து குமிழி வெடித்துத் தெறிக்கும். அவருடைய முன்கை முழுக்க, மச்சம் போட்ட மாதிரி, அந்தத் தெறிப்புகளின் தழும்பு.

காலையில் என் மெஷினைச் சூடாகப் போட்டுவிட்டு, காபி டம்ளரோடு கூடத்து வாசலில் போய் நிற்பது என் வழக்கம். மெஷின் சூடாவதற்குக் கொஞ்ச நேரம் போதும். நான் சூடாவதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, சல்லடையில் தேய்த்து விதை நீக்கி, மரத்துடுப்பால் கிண்டிக் கிண்டிப் பாதியாக வற்றவிடுவார் அண்ணி. உப்பும் சர்க்கரையும் போட்ட பிறகு கடைசியாக வினிகர். அங்கேதான் அண்ணன் வருவார். வருவார் என்றால் எழுந்து வரமாட்டார். வாசலோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கழுவிய பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் துடைத்துக்கொண்டிருப்பார். அண்ணி ஒரு கரண்டி சாஸைச் சாஸரில் ஊற்றி, ஊதி ஆறவைத்து, அவர் வாய்க்கு நேராக நீட்டுவார். நீட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய், இடுப்பில் கை வைத்து அவர் முகத்தைப் பார்ப்பார்.

"கொஞ்சம்..." என்று அண்ணன் ஆரம்பித்தால், "நீங்க பேசாதீங்க. மூஞ்சிய மட்டும் காட்டுங்க" என்பார் அண்ணி.

அந்த முகத்தின் கணக்கு எனக்கும் மனப்பாடம். இடது கண் சும்மா சுருங்கினால் இன்னும் ஒரு கரண்டி வினிகர். இடது கண் முழுக்க மூடி, வலது கண் திறந்தே இருந்தால் சரி. இரண்டு கண்ணும் மூடிவிட்டால் அதிகம், சர்க்கரையோ இன்னும் கொஞ்சம் தக்காளியோ சேர்க்க வேண்டும். அண்ணன் வாயால் சொல்லும் கருத்துக்கு அங்கே மதிப்பே கிடையாது. கேட்டால் எதையும் "நல்லாருக்கு" என்றுதான் சொல்லுவார். சுட்ட செருப்பைத் தட்டில் வைத்தாலும் சொல்லக்கூடிய ஆள்.

"அண்ணி, நீங்களே ருசி பாத்துக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலைலேர்ந்து நக்கி நக்கி என் நாக்கு மரத்துப்போச்சு தம்பி. எனக்கு வினிகரும் ஒண்ணுதான், வெறுந்தண்ணியும் ஒண்ணுதான். இவரு மூஞ்சி இருக்கே, அது கெடாது. கல்யாணம் ஆன புதுசுல எலுமிச்சை ஜூஸ் போட்டுக் குடுத்தேன். ஒரு கண்ண மூடிட்டு நல்லாருக்குன்னாரு. எங்கம்மா பயந்துட்டாங்க, மாப்பிள்ளைக்கு இழுப்பு வந்துடுச்சோன்னு."

"உங்கம்மா சந்தோஷப்பட்டாங்க. அதச் சொல்ல மாட்டேங்கிற" என்றார் அண்ணன், பாட்டிலைத் துடைத்தபடி.

இப்படி ஒரு கண்ணை நம்பி அந்த சாஸ் பல வருஷமாக ஒரே ருசியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டில் கெட்டதில்லை. மாதத்துக்கு ஒரு பாட்டிலைத் தேதி எழுதி அலமாரியில் நிறுத்திவைப்பார் அண்ணி, யாராவது குறை சொன்னால் திறந்து பார்க்க. யாரும் குறை சொன்னதில்லை. அலமாரியில் பாட்டில்கள் வரிசையாகத் தூசி படிந்து நின்றன.

*

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் தக்காளி புளிக்க ஆரம்பித்தது.

அப்படித்தான் அண்ணி சொன்னார், நாங்களும் அப்படித்தான் நம்பினோம். வழக்கமான வினிகரை ஊற்றிக் கரண்டியை நீட்டினால் அண்ணனுக்கு இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. மறுநாளும் அப்படியே. அண்ணி வினிகரைக் குறைத்தார். சில நாள் சரியாக இருந்தது. பிறகு அதற்கும் இரண்டு கண்ணும் மூடின. மறுபடி குறைத்தார்.

காய்கறிக்காரர் கூடைகளை இறக்க வந்தபோது அண்ணி விடவில்லை.

"எங்கேர்ந்துங்க எடுக்குறீங்க இந்தத் தக்காளிய?"

"எப்பவும் எடுக்குற எடத்துலதான்."

"எப்பவும் எடுக்குற எடத்துல புளிய மரம் எதுவும் நட்டுட்டாங்களா? வாயில வைக்க முடியல."

காய்கறிக்காரர் ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார். மென்றார். இன்னொரு கடி கடித்தார். "அக்கா, இது தேன் மாதிரி இருக்கு."

"நீங்க விக்கிறவரு. உங்களுக்குத் தேன் மாதிரிதான் இருக்கும்."

"அப்ப இவரக் கேளுங்க" என்று என்னைக் காட்டினார். எனக்கு ஒரு பழம் தரப்பட்டது. தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணியின் கூடத்தில் நின்றுகொண்டு காய்கறிக்காரர் பக்கம் பேசினால் எனக்குக் காலையில் காபி நின்றுவிடும். "லேசா ஒரு புளிப்பு அடிக்குது" என்றேன். காய்கறிக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மழை பிடித்துக்கொண்ட பிறகு வினிகரைக் குறைத்தும் போதவில்லை. அப்போதுதான் அண்ணி சோடா உப்பைக் கையில் எடுத்தார். பாத்திரம் துலக்கவும், மாவு உப்பவும் போடுவோமே, அதே சோடா உப்பு. சாஸில் ஒரு சிட்டிகை போட்டதும் புஸ்ஸென்று நுரைத்து அடங்கியது. கரண்டியை நீட்டினார். அண்ணனின் இடது கண் மூடியது, வலது கண் திறந்தே இருந்தது. அண்ணிக்கு அப்பாடா என்றிருந்தது. சர்க்கரை மிச்சம், வினிகர் மிச்சம், சாஸும் மெத்தென்று இருக்கிறது. வாங்கியவர்கள்கூட நன்றாக இருக்கிறது, முன்னைவிட இதமாக இருக்கிறது என்றார்கள். லேபிளில் 'இதமான சுவை' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் அண்ணி. பச்சை மையில் வளைவாக அடித்துக் கொடுத்தேன்.

அண்ணன் அந்த நாட்களில் பாலில் ரொட்டியைத் தொட்டுத் தின்றார். வேறெதையும் தொட்டுக்கொள்வதில்லை. "வயசாச்சுல்ல, பல்லு" என்றார். அவருக்குப் பல் எல்லாம் முழுசாக இருந்தது. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட என் கடைக்கு வந்து துளை போடும் ஊசியைக் கேட்டார். "இளைச்சு அழகாயிட்டீங்கண்ணே" என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார், சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பதுபோல.

வயிற்றுக்கோளாறுக்கு அந்தக் கட்டடத்தில் அதிகாரபூர்வமான ஆள் நான். ஒரு ஏப்பம் புளித்தாலும் முற்றத்துக்கு வந்து அறிக்கை வாசித்துவிடுவேன். மாடியிலிருந்து அண்ணி என் நெஞ்செரிச்சல் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று வானிலை மாதிரி விசாரிப்பார். நான் போட்ட சத்தத்தில் அந்த இடத்தில் வேறொரு வயிறு இருந்ததே யாருக்கும் கேட்கவில்லை.

*

கேன்டீன்காரர் ஒரு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். அவர்தான் பெரிய வாடிக்கை. தொழிற்சாலைக் கேன்டீன், தினமும் நூற்றுக்கணக்கான தட்டு. அவர் நின்றுபோனால் கூடமும் நின்றுபோகும், அது எல்லோருக்கும் தெரியும்.

"இதப் பாருங்க" என்று ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். மூடி தட்டையாக இல்லை, நடுவில் மேடு தட்டியிருந்தது. விரலால் அழுத்தினார். டொக்கென்று உள்ளே போய், டொக்கென்று திரும்பி வந்தது.

அண்ணி அந்த மூடியையே பார்த்தார்.

"நேத்து ஒண்ணு தானா தொறந்துக்குச்சு. சொவரெல்லாம் சாஸு. நல்லவேளை, யாரு தட்டுலயும் போடல. போட்டிருந்து நாலு பேரு படுத்திருந்தா நான் எங்க போவேன், நீங்க எங்க போவீங்க?"

"மூடிதான் சரியில்ல போல" என்றார் அண்ணன். மூடி போடுவது அவர் வேலை. பழியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தார். "மெஷின் லூஸாயிருக்கும்."

"மூடி லூஸா இருந்தா காத்து வெளிய போயிருக்கும்ணே. இது உள்ளயிருந்து தள்ளுது." கேன்டீன்காரர் நல்ல மனுஷர், குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "என்னன்னு கண்டுபிடிங்க அக்கா. உங்க கைல ஒரு பாட்டில் கெட்டு நான் பாத்ததில்ல. ஆனா காரணம் தெரியாம இனிமே ஒரு பாட்டிலக்கூட நான் வாங்க முடியாது."

அவர் போன பிறகு அண்ணி அடுப்பை அணைத்தார். பகலில் அந்த அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. கூடம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. முற்றத்தில் மழை விழும் சத்தம் தனியாகக் கேட்டது.

"இத்தன வருஷத்துல யாருக்கும் ஒரு வயித்துவலி வந்ததில்ல" என்றார் அண்ணி. "என் சாப்பாட்ட சாப்பிட்டு ஒருத்தரு வயித்தப் புடிச்சுக்கிட்டாருன்னு வந்துச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

அண்ணன் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, "மகளக் கூப்பிடு. அவளுக்குத் தெரியும்" என்றார்.

*

மகளுக்கு நீச்சல் குளத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை. குளத்துத் தண்ணீரில் புளிப்பு கூடினால் குளிப்பவர்களுக்குக் கண் எரியும், குறைந்தால் பாசி பிடிக்கும். காலையும் மாலையும் அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தாள், ஒரு பையில் நிறம் மாறும் காகிதத் துண்டுகளும், பேனா மாதிரி ஒரு மீட்டரும் எடுத்துக்கொண்டு.

"என்ன லேபிள் சித்தப்பா, ஏப்பமெல்லாம் சௌக்கியமா?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

"ஏதோ உன் புண்ணியத்துல."

மீட்டரை முதலில் குழாய்த் தண்ணீரில் வைத்தாள். "ஏழு. இதான் நடு. புளிப்பும் கெடையாது, சோப்பு மாதிரி வழவழப்பும் கெடையாது." பிறகு வினிகரில். எண் மளமளவென்று இறங்கி இரண்டரையில் நின்றது.

"கொறைஞ்சுடுச்சே" என்றார் அண்ணி. "வினிகர்ல புளிப்பே இல்லையா?"

"இல்லம்மா. எண் கொறைஞ்சா புளிப்பு கூடுதுன்னு அர்த்தம்."

"இது என்னடி கணக்கு, கொறைஞ்சா கூடுது?"

"உன் தங்கச்சி பேச்சு மாதிரின்னு வச்சுக்கோ" என்றார் அண்ணன். "பேச்சு கொறைஞ்சா கோவம் கூடிடுச்சுன்னு அர்த்தம்."

"என் தங்கச்சிய இழுக்காட்டி உங்களுக்குத் தூக்கம் வராதே." ஆனால் அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

"இன்னொண்ணும்மா. ஒரு எண் எறங்குனா புளிப்பு பத்து மடங்கு கூடும். ரெண்டு எண் எறங்குனா நூறு மடங்கு. பாக்கத்தான் சின்ன எண்ணு."

அதற்குப் பிறகு அந்த மீட்டர் எதையும் விடவில்லை. சோப்புத் தண்ணீர் ஒன்பதரை. பால் ஆறரைக்கு மேல். என் காபி ஐந்து. முற்றத்தில் வாளியில் பிடித்த மழைத்தண்ணீர்கூட ஐந்தரைதான் காட்டியது. "வானத்துக்கும் நெஞ்செரிச்சல் போல" என்றேன். பிறகு நெஞ்செரிச்சலுக்கென்று நான் தினமும் நம்பிக் குடிக்கும் கலர் சோடாவை மகள் கேட்டாள். அது எனக்கு மருந்து மாதிரி. குடித்தால் ஒரு பெரிய ஏப்பம் வரும், உலகமே லேசாகிவிடும். மீட்டரை உள்ளே விட்டாள். இரண்டு புள்ளி எட்டு.

"சித்தப்பா, இது வினிகருக்குப் பங்காளி."

"தப்பாக் காட்டுது. இனிக்குதே."

"சர்க்கரையக் கொட்டி மறைச்சிருக்கான். நாக்கு சர்க்கரையப் பாத்து ஏமாந்துடும். மீட்டருக்கு சர்க்கரை தெரியாது. உள்ள இருக்கற புளிப்பு மட்டும்தான் தெரியும்."

அண்ணன் சிரித்தார். முக்காலியில் உட்கார்ந்து, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எரியற வீட்டுல எண்ணெயை ஊத்திட்டு, ஏன் இன்னும் எரியுதுன்னு எங்கிட்ட வந்து கேட்டுட்டு இருந்தான்." சிரித்து முடித்ததும் முன்னால் குனிந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். சிரிப்பு அடங்கவில்லை என்று நினைத்தோம்.

பிறகு மூடி மேடு தட்டிய அந்தப் பாட்டில். மகள் அதைத் துணி போட்டு மூடித் திறந்தாள். உஸ்ஸென்றது. யாரையும் தொடவிடவில்லை. மீட்டரை வைத்தாள்.

"நாலு புள்ளி எட்டு."

"அது நல்லதா கெட்டதா?"

"நாலு புள்ளி ஆறுக்குக் கீழ இருந்தா கிருமி உள்ள வந்தாலும் வளர முடியாது. மேல போச்சுன்னா குடித்தனம் ஆரம்பிச்சுடும். காத்து விடும், மூடியத் தள்ளும். சிலது காத்தும் விடாது, வாசனையும் வராது, ஆளையே சாச்சுடும்." மகள் அம்மாவைப் பார்த்தாள். "வினிகரக் கொறைச்சியாம்மா?"

அண்ணி சோடா உப்பு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"சோடாவா? அம்மா, அது புளிப்ப மறைக்காது. அது புளிப்பத் தின்னுடும். சர்க்கரை போட்டா ருசிதான் மாறும், புளிப்பு உள்ளயே இருந்து காவல் காக்கும். சோடா காவல்காரனையே அடிச்சுப் போட்டுடும்."

"எனக்கென்ன தெரியும். புளிப்பா இருந்துச்சு, கொறைச்சேன்."

"எப்பலேர்ந்து?"

"தெரியல. கொஞ்சங்கொஞ்சமா. தக்காளி மாறுனதுலேர்ந்து."

"அலமாரில எடுத்து வைப்பியே, அந்த பாட்டிலெல்லாம் இருக்கா?"

இருந்தன. மகள் பழையதிலிருந்து ஆரம்பித்தாள். போன வருஷத்துப் பாட்டில்கள் எல்லாம் மூன்று புள்ளி ஒன்பது, நாலு, மூன்று புள்ளி ஒன்பது என்று ஒரே மாதிரி நின்றன. ஒரு கண்ணை வைத்து இவ்வளவு துல்லியமா என்று மகளே வியந்து அப்பாவைப் பார்த்தாள். அண்ணன் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு நாலு புள்ளி இரண்டு. அடுத்த மாதம் நாலு புள்ளி மூன்று. பிறகு நாலரை. பிறகு நாலு புள்ளி எட்டு. ஏணி ஏறுகிற மாதிரி, ஒரு படிகூட இறங்காமல்.

மகள் காய்கறிக்காரரின் புதுத் தக்காளி ஒன்றை நசுக்கி அதிலும் மீட்டரை வைத்தாள். "தக்காளி மாறலம்மா. எப்பவும் இருக்கற தக்காளிதான். நீதான் மாத்திட்டே போயிருக்க. எத வச்சு மாத்துன?"

"நான் எத வச்சு மாத்துவேன்? உங்கப்பா மூஞ்சிய வச்சுதான்..."

சொல்லிக்கொண்டே அண்ணி திரும்பினார். மகளும் திரும்பினாள். நானும் திரும்பினேன்.

அத்தனை நாளும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த முகம்தான். கன்னம் உள்ளே போயிருந்தது. கழுத்துக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் போகும். உதட்டோரத்தில் பால் காய்ந்திருந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் பார்த்ததில் அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. வயிற்றிலிருந்து கையை எடுத்து, கீழே இருந்த ஒரு பாட்டிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்பா" என்றாள் மகள். "வயித்துல எரியுதா?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி கொஞ்சம்."

"சாப்பிட்டப்புறம்?"

"அப்பவும் கொஞ்சம்."

அண்ணி அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தார்.

*

டாக்டர் இளவயது ஆள், கேள்விகளைக் கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன், மருத்துவமனையில் வரிசையில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக.

"எவ்ளோ நாளா இந்த வலி?"

"ஒரு வாரம், பத்து நாளா" என்றார் அண்ணன்.

"இல்ல டாக்டர்" என்றார் அண்ணி. "நாலு புள்ளி ரெண்டுலேர்ந்து."

டாக்டர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பினார். "என்னம்மா?"

அண்ணி சொன்னார். முதலில் மழைக்கு முன்னால் லேசாக ஆரம்பித்திருக்கிறது, மழையோடு ஒவ்வொரு மாதமும் கூடியிருக்கிறது, நடுவில் ஒரு தடவைகூடக் குறையவில்லை, பாட்டிலெல்லாம் வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் கொண்டுவருகிறேன் என்றார். டாக்டருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் எழுதிக்கொண்டார்.

உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதைத் துணுக்கு எடுத்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். வெறும் புண் இல்லை. வயிற்றில் ஒரு கட்டி, அது அங்கேயே நிற்கவில்லை. பாதி வயிற்றை எடுத்துவிட்டால் சாப்பாடு இறங்கும், நாள் கொஞ்சம் நீளும் என்றார் டாக்டர். மழைக்கு முன்னாலேயே வந்திருந்தால் பேச்சு வேறு என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை, போகிற போக்கில்தான் சொன்னார். அப்படிச் சொன்னாலும் காதில் விழுந்துவிடுகிறது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலை, வார்டில் கட்டிலருகே அண்ணி கேட்டார்.

"ஏன் சொல்லல? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"பேசாதீங்க, மூஞ்சிய மட்டும் காட்டுங்கன்னு நீதானே சொன்ன" என்றார் அண்ணன்.

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். அந்த வேடிக்கைக்கு எந்த நாளிலும் அண்ணி நறுக்கென்று ஏதாவது திருப்பிக் கொடுத்திருப்பார். அன்றைக்குப் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். ஏற்கெனவே சரியாக இருந்த ஓரம். பிறகு கீழே டீக்கடைக்குப் போவோம் என்று என்னைக் கூப்பிட்டார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. "மூஞ்சி சொல்லிச்சு தம்பி" என்றார். "அது சொல்லாம இல்ல. தினமும் சொல்லிச்சு. எனக்கு இது புளிக்குது, நேத்தவிட இன்னிக்கி அதிகமாப் புளிக்குது, எனக்கு என்னமோ ஆகுதுன்னு. நானும் தினமும் உத்துப் பாத்தேன். வேற எந்தப் பொண்டாட்டி புருஷன் மூஞ்சிய இத்தன வருஷம் தினமும் இப்படி உத்துப் பாத்திருப்பா சொல்லுங்க. பாத்துட்டு என்ன பண்ணேன்? சாஸத் திருத்துனேன்."

என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு நகைச்சுவை இருக்கும். அன்றைக்குத் தேடினேன். பைக்குள் கை விட்டால் லேபிள் துண்டுதான் வந்தது. அதை மடித்து டீ டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

*

கேன்டீன்காரர் நின்றுபோகவில்லை. மகள் போய்க் காரணத்தைச் சொன்னாள். பழைய சரக்கு அத்தனையையும் திருப்பியெடுத்து, வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கி, கொதிக்கவைத்துக் குழி வெட்டிக் கொட்டினோம். மூன்று நாலு நாள் முற்றமெல்லாம் தக்காளி வாசனை. 'இதமான சுவை' லேபிள்களை நான் அடுப்பில் போட்டேன். பச்சை மை நன்றாக எரியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மீட்டரை மகள் அம்மாவிடமே விட்டுவிட்டுப் போனாள். முனையைக் காயவிடக் கூடாது, வாரம் ஒரு தடவை எண் தெரிந்த திரவத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும், அது சொல்வதும் தானாகக் கொஞ்சங்கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும் என்று சொல்லிக் கொடுத்தாள். "அதுவுமா?" என்றார் அண்ணி. ஆனால் சரிபார்க்கத் தவறியதே இல்லை. வினிகரைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, நாலில் வந்து நின்றதும் அடுப்பை அணைத்து, மூடி போட ஆரம்பிப்பார். யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். பாதி வயிற்றோடு, பாதி உடம்போடு. கஞ்சி, வேகவைத்த காரட், பூசணி. புளிப்பு அறவே கூடாது. மாடியில் படுத்திருக்கச் சொன்னால் கேட்கவில்லை. காலையில் கைப்பிடிச்சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, அதே முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். பாட்டிலைத் தூக்கிப் பார்க்கத் தெம்பில்லை. சும்மா உட்கார்ந்து, அண்ணி மீட்டரைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"எத்தன?" என்பார்.

"நாலு."

"ம்."

சில நாள் இப்படியே போனது. ஒருநாள் நான் வாசலில் நிற்கும்போது, "எனக்கு ஒரு கரண்டி குடுக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒரு கரண்டிதான?"

"அந்தப் பேச்சே வேணாம்."

"சரி விடு." கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்த்துச் சொன்னார்: "வேல போயிடுச்சுப்பா. ஓசில ஒக்காந்திருக்கேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். துடுப்பு அண்டாவில் ஒரு சுற்று நின்று, மறுபடி சுற்றியது.

மறுநாள் காலை நான் காபியோடு போனபோது பெரிய அடுப்புக்குப் பக்கத்தில் சின்ன அடுப்பில் ஒரு கிண்ணம் இருந்தது. வேகவைத்த காரட்டையும் பூசணியையும் மசித்து, ஒரு துண்டு பீட்ரூட்டின் சாற்றை விட்டு நிறம் ஏற்றியிருந்தார் அண்ணி. தூரத்திலிருந்து பார்த்தால் சாஸ்தான். எனக்கு முதுகைக் காட்டியபடி அதற்குள் மீட்டரை விட்டார். எட்டிப் பார்த்தேன். ஆறு என்று காட்டியது. அண்ணி சோடா உப்பு டப்பாவைத் திறந்து, நகத்தின் நுனியில் ஒட்டும் அளவு எடுத்துப் போட்டு, கலக்கி, மறுபடி மீட்டரை வைத்தார். இன்னொரு நகநுனி. ஏழு.

மீட்டரைக் கழுவி மூடி வைத்தார். பெரிய அண்டாவுக்குள் கரண்டியை விட்டு எடுப்பது மாதிரி உடம்பைத் திருப்பி மறைத்துக்கொண்டு, கிண்ணத்திலிருந்து சாஸரில் ஊற்றினார். ஊதி ஆறவைத்தார். அண்ணன் வாய்க்கு நேராக நீட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

அண்ணன் வாயில் வாங்கினார். நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். அதில் புளிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, காரட்டின் தித்திப்பு மட்டும்தான் இருந்திருக்கும். அவருடைய இடது கண் மெதுவாகச் சுருங்கி, முழுக்க மூடிக்கொண்டது. திறந்திருந்த வலது கண் ஒருகணம் என் பக்கம் வந்து, காபி டம்ளரைப் பார்த்துவிட்டு, அண்ணியிடம் போய் நின்றது.

"சரியா இருக்கா?" என்றார் அண்ணி. இத்தனை வருஷத்தில் அவரிடம் வாயால் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சரியா இருக்கு. கொறைச்சிடாத."

அண்ணி திரும்பிப் போய்ப் பெரிய அண்டாவிலிருந்து முதல் பாட்டிலை நிரப்பினார். மூடியை வைத்து, மெஷினின் கைப்பிடியை அழுத்தினார். ஒரு மூடிக்கு அவ்வளவு நேரம் அழுத்த வேண்டியதில்லை.